அங்கி வெளுத்தவள்

செயலாளருக்குப் பேசும்போது இரண்டு கைகளையும் வயிற்றின்மேல் கோத்து வைத்துக்கொள்ளும் பழக்கம். தொப்பை விழுவதற்கு முன்னால் அந்தக் கைகள் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். சோப்புத் தண்ணீரில் இருந்தன. இருபத்திரண்டு வயது வரைக்கும் அப்பாவோடும் தங்கையோடும் தொட்டியடியில் நின்று ஊரார் துணியை வெளுத்தவர்தான் அவர். அந்தச் சலவைக்கடைக்கு நேர் எதிரில் என் கடை. படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடுகிறவன் நான். வேலை இல்லாத நேரத்திலெல்லாம் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முப்பது வருஷமாக என் வேலை.

இப்போது செயலாளர் ஊருக்கு வெளியே பெரிய கூடம் கட்டி, இயந்திரங்கள் வைத்து, விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விரிப்புத் துவைத்துக் கொடுக்கிறார். ஆனால் துவைப்பது என்ற சொல்லை அந்த வாசலுக்குள் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. ‘துணிப் பராமரிப்பு’ என்றுதான் பெயர்ப்பலகை. மாதா கோயிலில் பங்குப் பேரவைக்கும் அவர்தான் செயலாளர். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் மனைவியே போனில், ‘செயலாளர் குளிக்கிறார்’ என்று யாரிடமோ சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

பழைய கடையில் மிஞ்சியது அப்பாவும் தங்கையும். தங்கையை ஊரில் எல்லோரும் நீலம் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டுப் போட்டு அவள் நகக்கண்ணில் ஏறிய சாயம் இறங்கவே இல்லை. நாற்பத்தைந்து வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் வெளுப்பாள், மதியம் தேய்ப்பாள், சாயங்காலம் படம் வரைவாள். வெளுக்கும்போது வாய் ஜெபமாலை சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு துணிக்கு ஓர் அருள்நிறை மரியே. கறை பிடித்த துணிக்கு இரண்டு.

அவள் வரைந்த வேதப் படங்கள் நூற்றுக்கு மேல் என் கையால் சட்டம் போட்டு வீடுகளுக்குப் போயிருக்கின்றன. உண்மையைச் சொன்னால் முகம் அவளுக்குச் சுமாராகத்தான் வரும். துணி என்று வந்தால் கை வேறு ஆளுடையது. நனைந்த துணி எங்கே கனக்கும், பழைய துணி எந்த மடிப்பில் முதலில் இற்றுப்போகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவள் வரைந்த சீடர்களின் அங்கிகளைப் பார்த்தே, யாருக்கு வீட்டில் பெண்டாட்டி இருந்தாள், யாருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். படம் வரையக் கற்றுக்கொண்ட கதையைக் கேட்டால், “குறி போட்டுப் பழகினேன்” என்பாள். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஓரத்தில் அழியாத மையால் ஒரு குறி உண்டு. கோடு, புள்ளி, கொக்கி, வளையம். அவளுடைய பாட்டனாருக்கு அப்பா காலத்துக் கணக்கு அது. ஏழு வயதில் அவள் அதைத்தான் முதலில் எழுதினாள், எழுத்தெல்லாம் அப்புறம்.

கோயிலில் புதிதாக ஒரு பக்கப்பீடம் கட்டினார்கள். ஆயர் வந்து மந்திரித்துத் திறந்துவைக்க நாள் குறித்தாயிற்று. பீடத்துக்கு மேலே சுவரில் ஆளுயரத்துக்கும் பெரிதாக ஒரு படம் வேண்டும், ‘சிலுவையடியில்’ என்று பொருள் கொடுத்தார்கள். பேரவையில் தங்கை பெயரை முன்மொழிந்தவர் செயலாளர்தான். தங்கையின் திறமைமேல் அப்படி ஒரு நம்பிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. படத்துக்குக் கீழே குடும்பப் பெயர் வரும் அல்லவா, அதன்மேல்தான் நம்பிக்கை.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. காயப்போட வெளியில் இடமில்லாமல் தேய்க்கிற அறைக்குள்ளேயே கொடி கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடைக்குள் போனாலே ஈரவாடையும் கரி இஸ்திரிப்பெட்டிச் சூடும் கஞ்சி நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறும். சட்டத்துக்கு அளவெடுக்க ஒரு சாயங்காலம் போனேன். நாலு விரிப்பை விலக்கிக்கொண்டு போனால், சுவரோரம் படம் நின்றது.

தூரத்தில், மேலே, மேகத்துக்கு அடியில் மூன்று சிலுவைகள், விரல் நீளம்தான். படம் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது வேறு சங்கதி. ஊர் ஓரத்தில் ஒரு துணி வெளுக்கிற வீடு. வாசலில் சிப்பாய் ஒருவன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் முன்னால் ஒருத்தி மண்டியிட்டுக் குனிந்திருக்கிறாள். அவளுக்குக் கீழே கல்தொட்டி. தொட்டிக்குள் தையலே இல்லாத ஓர் அங்கி முங்கிக் கிடக்கிறது. தண்ணீர் மெல்லச் சிவக்கிறது. முழங்கை வரை அவள் கைகள் அதற்குள். தொட்டியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

“ஆண்டவரோட அங்கிக்குச் சீட்டுப் போட்டு ஜெயிச்சவன் மாமா இவன்” என்றாள் நீலம், பெட்டியை நிறுத்தாமலே. “சீட்டுப் போட்டாங்கங்கிறதோட வேதத்துல நின்னுடுது. அப்புறம் அவன் அந்த அங்கியை என்ன பண்ணியிருப்பான்? ரத்தத்தோடவா மாட்டிக்குவான்? யாருகிட்டயாவது வெளுக்கத்தானே குடுத்திருப்பான். யாராவது ஒருத்தி அன்னைக்கு அதை வாங்கியிருப்பா.”

குனிந்து பார்த்தேன். தொட்டி விளிம்பில் கிடந்த அங்கியின் ஓரத்தில் ஒரு கொக்கி, கீழே இரண்டு புள்ளி. அவர்கள் வீட்டுத் துணி ஊர்த் துணியோடு கலந்துவிடாமலிருக்கப் போடுகிற சொந்தக் குறி அது.

“இது உங்க குறி இல்லையாம்மா?”

“அவன் திரும்பி வாங்க வரலைன்னு வெச்சுக்கிட்டேன்” என்றாள்.

மூலையில் காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த பெரியவர், அவள் அப்பா, அப்போதுதான் தலையைத் தூக்கினார். எண்பதைத் தாண்டியவர். இரண்டு கையிலும் விரல் இடுக்குகள் வெடித்து வெடித்து மூடிய தழும்பு.

“அது என்ன புகையா?”

“ஆவிப்பா. சுடுதண்ணி.”

“ரத்தக்கறையை எவளாவது சுடுதண்ணில போடுவாளா? கறை உறைஞ்சு நிக்கும். பச்சைத்தண்ணி, ஒரு பிடி உப்பு. இவ்வளவு வருஷம் என்னத்தக் கத்துக்கிட்ட?”

“ஆண்டவர் ரத்தம்ப்பா. போகாம நிக்கிறதுதான் நல்லதுன்னு போட்டேன்.”

“அது உன் சாமி சமாச்சாரம். அந்தப் பொம்பளைக்கு அது யாரு ரத்தம்னு தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப அவ கறையைப் போக்கத்தான் பாப்பா. தொழில் தெரிஞ்சவளா இல்லையா அவ?”

நீலம் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றாள். பிறகு தட்டைக் கத்தியை எடுத்து ஆவியை முழுக்கச் சுரண்டிவிட்டாள். எனக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆவி போனதும் அந்தத் தண்ணீர் சில்லென்று இருந்தது, அது தெரிந்தது.

அடுத்த வாரம் செயலாளர் பங்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு படம் பார்க்க வந்தார். காரிலிருந்து கடை வாசலுக்குப் பத்தடி. அந்தப் பத்தடிக்கும் குடை பிடிக்க ஆள். நான் சட்டத்தின் மூலைகளைப் பொருத்திப் பார்க்க அங்கேதான் இருந்தேன். முன்பெல்லாம் என்னை மாமா என்றவர், இப்போது ‘பாருங்க’ என்று தொடங்கிச் சமாளித்துவிடுவார். அன்றைக்கு அதுவும் சொல்லவில்லை. படத்தையே பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“இது என்ன?”

“தொட்டி” என்றாள் நீலம்.

“தொட்டின்னு தெரியுது. சிலுவையடில தொட்டி எங்கிருந்து வந்துச்சு? பைபிள்ல இருக்கா?”

“அங்கி இருக்கு. சீட்டுப் போட்டது இருக்கு.”

“வெளுத்தது இருக்கா?”

“உன் கல்யாணச் சட்டையை யாரு வெளுத்தான்னு பத்திரிகையில போட்டிருந்துச்சா அண்ணா? இருந்தாலும் நான் வெளுத்தேன்ல.”

செயலாளர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் நல்ல மனுஷர். ஒரே தலையை இரண்டு பேருக்கும் ஆட்டத் தெரிந்த அளவுக்கு நல்லவர். “கற்பனை ஆழமா இருக்கு” என்று அவளுக்கு ஆட்டினார். “ஆனா விசுவாசிகளுக்குக் குழப்பம் வரலாம்” என்று இவருக்கு ஆட்டினார். பிறகு ஈர விரிப்பு ஒன்று கன்னத்தில் பட, நகர்ந்து நின்றுகொண்டார்.

“நீலம், நான் சொல்றதைக் கேளு.” செயலாளர் கைகளைக் கோத்துக்கொண்டார். “மந்திரிக்கிற அன்னைக்கு, என் பொண்ணுக்குப் பேசி முடிச்ச சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. முன்வரிசையில உக்காருவாங்க. நம்ம குடும்பம் பரம்பரையா துணி வணிகம்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“பொய் இல்லையே” என்றார் மூலையிலிருந்து பெரியவர். “துணிதானே.”

“அப்பா, நீங்க சும்மா இருங்க. புள்ளையோட வாழ்க்கை இது. நீலம், உன் மருமகதானே அவ? தொட்டியை அழிச்சிட்டு அங்க நாலு பூச்செடி போட்டுடு. அந்தக் குறியையும் எடு. கண்டவன் மூட்டைத் துணில போடுற குறியை ஆண்டவர் அங்கில போட்டு வெச்சிருக்க. அசிங்கமா இல்ல?”

“கண்டவன் துணில போடுற குறி இல்ல அது. நம்ம வீட்டுத் துணில போடுறது. உன் அரைஞாண் கயிறு அவுந்து திரிஞ்ச காலத்துல உன் டவுசர்லயும் அதுதான் இருந்துச்சு.”

குடை பிடித்த ஆள் வெளியே பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். நீலம் அதற்குமேல் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. “அழிக்கமாட்டேன். வேண்டாம்னா படத்தை இங்கயே விட்டுடுங்க, ஃபாதர். சுவர் சும்மா இருக்கட்டும்” என்றாள். சாமியார் அதற்கும் தலையை ஆட்டினார்.

ஆயர் வர ஆறு நாள்தான் இருந்தது. அழைப்பிதழில் படத்தின் பெயரும் அச்சாகிவிட்டது, செயலாளர் பெயரும் அச்சாகிவிட்டது. அவர் என் கடைக்கு வந்தார். வந்து, மாமா என்று கூப்பிட்டார். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

“மாமா, படத்துக்குக் கீழ ஒரு பலகை வரணும். சட்டத்தோட சேந்தாப்புல. ஒன்றரை அடி உயரம். அதுல பித்தளை எழுத்துல அன்பளிப்பு விவரம் போடணும்.”

“ஒன்றரை அடின்னா தொட்டியை மறைச்சிடுமே.”

“மறைக்கட்டுமே. அவ படத்துல ஒரு பொட்டுச் சாயத்தைக்கூட நான் தொடலையே. படம் படமா இருக்கும். பலகை பலகையா இருக்கும்.”

இதை நான் மறுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மரம் என்ன நிறத்தில் வேண்டும் என்றுதான் கேட்டேன். செயலாளர் சொல்லி மாட்டேன் என்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. அதைத் தொடங்கி வைக்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. வெறும் மரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நன்றாகவே இழைத்தேன். அதுதான் இன்னும் கேவலம். பலகை அவ்வளவு அழகாக வந்தது.

சனிக்கிழமை மதியம் கோயிலில் படத்தை மாட்டிப் பலகையைப் பொருத்தினேன். மூலைக்கு ஒன்றாக நாலு ஸ்க்ரூ. கீழே இறங்கிப் பார்த்தால் படமே வேறாக இருந்தது. தொட்டி இல்லை, அங்கி இல்லை, கைகள் இல்லை. ஒருத்தி மண்டியிட்டுத் தலை குனிந்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு சிப்பாய் மனம் கசிந்து வேறுபக்கம் பார்க்கிறான். பக்திக் காலண்டரில் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கீழே செயலாளர் பெயர், பட்டம், பதவி, ‘குடும்பத்தாரின் அன்பளிப்பு’. எழுத்துகள் மின்னின.

நீலம் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் பீடத்துணிகளின் கட்டு, கஞ்சி போட்டுத் தேய்த்தது. அதைப் பீடத்தின்மேல் வைத்துவிட்டு வந்து பலகையை முழுக்கப் படித்தாள்.

“படத்தைச் சுத்திப் போடுறதுதான் சட்டம்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன் மாமா” என்றாள். அவ்வளவுதான். பீடத்துணியை விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டுப் போனாள். மருமகளின் சம்பந்தத்தை நினைத்துத்தான் வாயை அடக்கிக்கொண்டாள் என்று அப்போது நினைத்தேன். நான் பதில் கேட்கத் தகுதியான ஆள் என்று அவளுக்குத் தோன்றாமலும் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. கோயில் நிறைந்த கூட்டம். முன்வரிசையில் செயலாளர், மனைவி, மகள். பக்கத்தில் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும். பெரியவரை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று செயலாளர் எவ்வளவோ பார்த்தார். பேத்தி தானே போய்த் தாத்தாவைக் கைப்பிடித்து அழைத்துவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். நீலம் பின்னால், பெண்கள் பக்கம், ஒரு தூணோரமாக இருந்தாள்.

ஆயர் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். படத்தைப் பார்த்து, பாவியான ஒரு பெண் மனந்திரும்புகிற கோலம் நெஞ்சைத் தொடுகிறது என்று பிரசங்கம் செய்தார். எந்தப் பாவம், என்ன மனந்திரும்புதல் என்று யாரும் கேட்கவில்லை. செயலாளர் ஆமோதித்துத் தலையசைத்தார். அவர் கண்ணோரம் ஈரமாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

பூசை முடிந்து எல்லோரும் பக்கப்பீடத்தைச் சுற்றி நின்றார்கள். சம்பந்தியம்மாள் பெரியவரிடம் மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்தாள்.

“ஐயா துணி வணிகம் பண்ணீங்கன்னு சொன்னாங்க. என்ன துணி, பட்டா பருத்தியா?”

“எல்லாத் துணியும் வரும்மா” என்றார் பெரியவர். “அழுக்கானது.”

செயலாளர் இருமினார். யாரும் கவனிக்கவில்லை.

“வெளுத்துக் குடுப்பேன்” என்றார் பெரியவர். “அறுபது வருஷம். எங்கப்பாவும் அதான். இப்ப என் மக.”

அந்த அம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “தெரியும் ஐயா. உங்க பேத்தி போன மாசமே எல்லாம் சொல்லிடுச்சு. உங்க வாயால கேக்கலாம்னுதான் கேட்டேன். எங்க வீட்லயும் மீன் கூடை சுமந்தவங்கதான். எங்க மாமியார் தெருத்தெருவா கூவி வித்தவங்க. அதை முதல் நாளே உங்க மகன்கிட்ட சொன்னோம். அவரு தலையாட்டிக் கேட்டுட்டு, ‘கடல் பொருள் வணிகம்’னு எழுதிக்கிட்டார்.”

மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். பேத்தி சிரிக்கவில்லை. அவள் நேரே ஆயரைப் பார்த்து, “ஆண்டகை, அந்த அம்மா மனந்திரும்பல. துணி வெளுக்கிறாங்க. பலகைக்குப் பின்னால தொட்டி இருக்கு. அத்தை வரைஞ்சது அது. எங்கப்பாதான் மூடச் சொன்னார்” என்றாள்.

ஆயர் படத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். “பாக்கலாமா?” என்றார்.

அப்புறம் நடந்ததை நான் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் முழுக்க நம்பியதில்லை. செயலாளர் ஒரு மூச்சு இழுத்தார். அந்த ஒரு மூச்சுக்குள் மனுஷர் திரும்பிவிட்டார்.

“கண்டிப்பா ஆண்டகை. உங்க முன்னாலதான் திறக்கணும்னு மூடி வெச்சிருந்தோம். மாமா, கழட்டுங்க.”

நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். பலகையை இறக்கினேன். அந்தக் குளிர்ந்த தண்ணீரையும் முங்கிய அங்கியையும் முழங்கை வரை இறங்கிய கைகளையும் ஆயர் வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையே எனக்கு அன்றைய பிரசங்கமாக இருந்தது. அதைக் கெடுக்க ஆள் இல்லாமலா போகும்?

“எங்க பரம்பரை ஆண்டகை இது” என்று தொடங்கினார் செயலாளர். குரல் தழுதழுத்தது. “எங்க முன்னோர் உழைச்ச உழைப்பு. இந்தக் குறி பாருங்க, எங்க குடும்பத்துக் குறி. இதைப் போட்டே ஆகணும்னு தங்கச்சிகிட்ட நான்தான் சொன்னேன். நானும் இந்தக் கையால வெளுத்தவன்தான். அதை மறைக்கிற ஆள் நான் இல்ல.” கோத்திருந்த கைகளைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினார். மோதிரம் போட்ட, கிரீம் தடவிய கைகள். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். நேற்று வரை குழப்பம் வரும் என்று பயந்த சாமியாரும் தட்டினார்.

நீலம் தூணோரத்திலிருந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. பாராட்டை வாங்கிக்கொள்ள வருகிறாள் என்று நினைத்துச் செயலாளர் ஒரு கையை நீட்டித் தோளில் போடப் போனார். அவள் அந்தக் கையைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

“மாமா, பலகையை மறுபடி மாட்டுங்க.”

“என்னம்மா சொல்ற?”

“மூடுங்க. இவன் வாயால அது வெளிய வர்றதுக்குப் பதிலா, மூடியே இருக்கட்டும்.”

அவளே என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மருமகளைப் பார்த்து, “அந்தப் பக்கம் கொஞ்சம் தாங்கு” என்றாள். அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் பலகையைத் தாங்கினாள். பெரியவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

சாமியார் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார். “அம்மா, அண்ணன் மனம் மாறிட்டாரே. மன்னிக்கிறதுதானே நம்ம வேதம்.”

“மன்னிச்சாச்சு ஃபாதர். நேத்து மத்தியானமே மன்னிச்சுட்டேன்.” மூன்றாவது ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னாள். “மன்னிச்சா மதிக்கவும் மதிக்கணும்னு எங்கயும் எழுதலையே.”

சாமியாருக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை. ஆயர் ஒரே வார்த்தை சொன்னார்: “வரைஞ்சவங்க சொல்றபடி இருக்கட்டும்.” பிறகு அவர் சிற்றுண்டி சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பினார்.

கல்யாணம் அடுத்த மாதமே நன்றாக நடந்தது. செயலாளருக்கு ஒரு குறையும் வரவில்லை, அப்படிப்பட்டவர்களுக்கு வருவதில்லை. இப்போது அவருக்குப் பரம்பரைப் பித்துப் பிடித்திருக்கிறது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்தால் பக்கப்பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வயிற்றின்மேல் கைகோத்து விளக்குகிறார். வந்தவர்கள் மரத்தையும் அவர் பெயரையும் பார்த்துக்கொண்டு பக்தியோடு தலையசைக்கிறார்கள். ‘துணிப் பராமரிப்பு’ பலகையிலும் ‘ஐந்து தலைமுறை’ என்று புதிதாக ஒரு வரி ஏறியிருக்கிறது.

நான் ஒருநாள் காலை மனசு கேட்காமல் எதிர்க்கடைக்குப் போனேன். நீலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

“நீலம், கோயில்ல வாரநாள்ல யாரும் இருக்கமாட்டாங்க. நான் போய்ப் பலகையைக் கழட்டிடவா? யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அவள் பெட்டியை உதறிக் கரியைக் கிளறினாள்.

“எனக்காகவா மாமா, உங்களுக்காகவா?”

கொண்டுபோயிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“சரி. பதில் கிடைச்சதும் வாங்க” என்றாள். அடுத்த துணியை எடுத்து விரித்து, தண்ணீர் தெளித்து, காலரை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள். ஒரு சுருக்கம் விடவில்லை. என் சட்டைதான் அது.